கற்றல் இடைவெளி எங்கே பிறக்கிறது? தமிழ்நாட்டு அரசுப் பள்ளிச் சீர்திருத்தங்கள் கடந்து வந்த வழி

2024ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழ்நாட்டு மாணவர்களில் 91.55 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர். அரசுப் பள்ளிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தாலும் தேர்ச்சி 87.90 விழுக்காடாக இருந்தது. பிரதம் தொண்டு நிறுவனம் நடத்தும் அசர் ஆய்வும் அதே ஆண்டில் நடைபெற்றது. கிராமப்புறக் குழந்தைகளின் வீடுகளுக்கே சென்று, ஓர் அட்டையைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லும் ஆய்வு அது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் குழந்தைகளில் பாதிப்பேர்கூட இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சிறு கதையைத் தங்குதடையின்றி வாசிக்கவில்லை என்று அது தெரிவித்தது. 2018இலும் 2022இலும் நிலைமை இதுதான். பத்தில் ஒன்பது பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டுகிற மாநிலத்தில், பத்து வயதுக் குழந்தை எட்டு வரிக் கதையில் ஏன் தடுமாற வேண்டும்?

இரண்டு தகவல்களும் ஒன்றையொன்று பொய்யாக்குவதாகப் பலர் கருதுகின்றனர். ஒரு தரப்பினர் பொதுத்தேர்வு முடிவை நம்ப மறுக்கின்றனர். மறுதரப்பினர் அசர் ஆய்வை நம்ப மறுக்கின்றனர். இரண்டையும் சேர்த்துப் படிப்பதே சரியென்று நான் கருதுகிறேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்பது 35 மதிப்பெண்ணைத் தொடுவது. அதற்காகப் பள்ளிகள் சிறப்பு வகுப்புகள் நடத்துகின்றன, குறைந்தபட்சக் கற்றல் கையேடு கொடுக்கின்றன, மெல்லக் கற்போரை மாலையில் உட்காரவைத்து எதிர்பார்க்கப்படும் வினாக்களைத் திரும்பத் திரும்ப எழுதச் சொல்கின்றன. அந்த உழைப்பு மெய்யானது. அதனால் ஏராளமான பிள்ளைகள் கரையேறுகின்றனர். ஆனால் முதல் மூன்று வகுப்புகளில் விழுந்த பள்ளத்தை அது நிரப்புவதில்லை, மூடி மட்டுமே வைக்கிறது. கடந்த எழுபது ஆண்டுகளில் இந்த மாநிலம் பள்ளியின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் இருந்த ஏற்றத்தாழ்வைப் பெருமளவு குறைத்திருக்கிறது. வகுப்பறைக்குள், ஆறு முதல் எட்டு வயதுக்குள் உருவாகும் ஏற்றத்தாழ்வில்தான் மீண்டும் மீண்டும் கைவைத்து, மீண்டும் மீண்டும் பாதியில் விட்டிருக்கிறது.

நுழைவாயிலின் வரலாறு தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்று ராஜாஜி அரசு 1953இல் கொண்டுவந்த திட்டம் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் கைவிடப்பட்டது. அதன் பின்னர் ஊர்தோறும் பள்ளி திறப்பதும், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் முயற்சியால் ஊர்மக்களே பள்ளிக்குக் கட்டடமும் தளவாடமும் தரும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும், மதிய உணவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1982இல் எம்.ஜி.ஆர். அரசு மதிய உணவைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1,545 பள்ளிகளில் இருந்து அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் பரவியது. விடியற்காலையில் கூலி வேலைக்குக் கிளம்பும் தாயின் பிள்ளை, வெறும் வயிற்றோடு முதல் பாடவேளையில் உட்காரும் நிலையை உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் மாற்றியிருக்கின்றன. இதைச் சீர்திருத்தம் என்று சொல்லத் தயங்குகிறவர்கள் பசியோடிருக்கும் குழந்தைக்கு எழுத்தறிவிக்க முயன்று பார்த்ததில்லை என்றே சொல்வேன்.

பள்ளிக்குள் வந்த பிள்ளைகளை ஒரே தரத்தில் நிறுத்தும் முயற்சி சமச்சீர்க் கல்வி. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்கு வாரியங்கள் நான்கு பாடநூல்களோடு இயங்கிய காலத்தில், பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ச. முத்துக்குமரன் தலைமையில் 2006இல் குழு அமைக்கப்பட்டது. 2010இல் சட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் 2011இல் அதை நிறுத்திவைக்க முயன்ற திருத்தம் நீதிமன்றத்துக்குச் சென்றது. பள்ளிகள் திறந்தும் பாடநூல் கைக்கு வராமல் பிள்ளைகள் வாரக்கணக்கில் காத்திருந்தனர். அந்த ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே பொதுப் பாடத்திட்டம் உறுதியானது.

முத்துக்குமரன் குழு நூற்றுக்கும் மேற்பட்ட பரிந்துரைகளைத் தந்தது. பாடநூலை ஒன்றாக்குவது அவற்றில் ஒன்று மட்டுமே. தாய்மொழி வழிக் கல்வி, ஆசிரியர் மாணவர் விகிதம், எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான அடிப்படை வசதிகள் ஆகியவையும் அந்த அறிக்கையில் இருந்தன. நடைமுறைக்கு முழுமையாக வந்தது பாடத்திட்டமும் பாடநூலும் தேர்வுமே. காரணம் எளிது. பாடநூலைச் சென்னையில் ஒரு குழு எழுதி, ஓர் அச்சகத்தில் அடித்து, ஜூன் மாதம் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவிடலாம். முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பதை அப்படி அனுப்ப முடியாது. வசதியுள்ள தனியார் பள்ளிகள் பல சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிக்கொண்டதால், ஒரே பாடநூல் என்ற சமத்துவமும் நாளடைவில் மெலிந்தது. 2018 முதல் வந்த புதிய பாடநூல்கள் தரத்தில் மேம்பட்டவை, அழகானவை. அவற்றை ஆக்கியவர்கள் பாராட்டுக்குரியவர்கள். ஆனால் வாசிக்கத் தெரியாத குழந்தையின் கையில் நல்ல பாடநூல் முன்னைக் காட்டிலும் கனமான பாடநூலாகவே இருக்கிறது.

வகுப்பறைக்குள் கைவைத்த முதல் பெரிய முயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளி கிராமப்புற ஓராசிரியர் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைமுறையை, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கினார். பின்னர் அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானார். 2007-08இல் அது மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. அந்த வகுப்பறைகளைப் பார்த்தவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டது சுவர்தான். பெரியவர்களின் இடுப்புயரத்துக்கும் கீழே, தரையில் உட்கார்ந்த குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், அறையைச் சுற்றிக் கரும்பலகை ஓடும். ஒவ்வொரு குழந்தைக்கும் தன் பெயரெழுதிய ஒரு பகுதி உண்டு. பாடங்கள் சிறுசிறு அட்டைகளாகத் தட்டுகளில் அடுக்கப்பட்டிருக்கும். சுவரில் தொங்கும் ஏணிப்படத்தில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று குழந்தையே பார்த்து, அதற்குரிய படம் போட்ட அட்டையைத் தானே எடுத்துவந்து பாயில் உட்காரும். ஒன்று முதல் நான்கு வகுப்புவரையிலான பிள்ளைகள் ஒரே அறையில் கலந்து அமர்ந்தனர். பத்து நாள் விடுப்பில் போன குழந்தை திரும்பி வந்ததும் விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது. இந்தக் கடைசிச் செய்தி சாதாரணமாகத் தோன்றலாம். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு இடம்பெயரும் பிள்ளைகளுக்கு அது மிகப் பெரிய செய்தி. வழக்கமான வகுப்பறையில் அந்தப் பத்து நாள்களே அவர்களை நிரந்தரமாகப் பின்தள்ளிவிடுகின்றன.

அம்முறையில் குறைகள் இருந்தன. அட்டைகள் தொலைந்தன, கிழிந்தன. மாற்று அட்டைகள் உரிய நேரத்தில் வரவில்லை. ஆசிரியர்களில் பலர் மேலிருந்து வந்த கட்டளையாகவே அதை ஏற்றனர். பாடநூலும் வீட்டுப்பாடமும் இல்லாத பள்ளியைப் பெற்றோர் ஐயத்தோடு பார்த்தனர். அந்த ஆண்டுகளில் ஆங்கில வழித் தனியார் பள்ளிகளை நோக்கிய நகர்வும் வேகமெடுத்தது. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. செயல்வழிக் கற்றல் எளிமைப்படுத்தப்பட்டது. பிறகு புதிய பாடநூல்களின் வருகையோடு படிப்படியாக மங்கிப்போனது. குழந்தை நிற்கும் இடத்திலிருந்து கற்பிப்பது என்ற அதன் மையக் கருத்து தோற்றுப்போனதாக யாரும் நிறுவவில்லை. அதைத் தாங்கிய அதிகாரி மாறினார், அடுத்தவர் அடுத்த திட்டத்தைக் கொண்டுவந்தார், முந்தையது கேட்பாரற்றுப் போயிற்று. கற்பித்தல் முறை ஒன்று ஆசிரியரின் கைப்பழக்கமாகப் பத்தாண்டுகளாவது ஆகும். தமிழ்நாட்டில் எந்தக் கற்பித்தல் முறைக்கும் அந்தப் பத்தாண்டுகள் முழுதாகக் கிடைத்ததில்லை.

இதற்கிடையில் வெளிவாயிலில் வேறொரு சிக்கல் முளைத்தது. 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு நீட் தேர்வு கட்டாயமானதும், அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் சென்றவர்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியதாகச் சுருங்கியது. ஓய்வுபெற்ற நீதிபதி பொ. கலையரசன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் சட்டமானது. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டிலுமாக ஏறத்தாழ 400 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்குகிறது. 2024இல் ஆண்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் வந்தது. உயர்கல்வியில் மாநிலத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய ஆய்வில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி 28.4 விழுக்காடு. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவது அநியாயம். அதே வேளையில், ஒதுக்கீட்டுச் சட்டத்தின் பயன் பன்னிரண்டாம் வகுப்பின் முன்வரிசையில் நிற்பவர்களைச் சென்றடைகிறது; மூன்றாம் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்துக்கு வந்து சேர்வதே இல்லை.

பின்வரிசை என்பது பள்ளி தொடங்கும் முன்பே உருவாகிவிடுகிறது. தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தை எல்.கே.ஜி., யு.கே.ஜி. என இரண்டு ஆண்டுகள் எழுத்தோடும் எண்ணோடும் பழகி வருகிறது. அரசுப் பள்ளிக்கு வரும் குழந்தை அங்கன்வாடியிலிருந்து வருகிறது. அங்கே ஒரு பணியாளர் சமையலையும் எடை பார்ப்பதையும் தடுப்பூசிப் பதிவையும் கவனித்துக்கொண்டே கிடைக்கும் நேரத்தில் பாட்டுச் சொல்லித்தருகிறார். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022இல் அவற்றை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு எழுந்ததும் முடிவு மாற்றப்பட்டது. இந்தத் தடுமாற்றம் எனக்குப் பெருங்கவலை தருகிறது. இரண்டு ஆண்டு பின்தங்கிய குழந்தைக்கும் முன்னே நிற்கும் குழந்தைக்கும் ஜூன் மாதம் ஒரே பாடநூலைக் கொடுத்துவிட்டு, மார்ச் மாதத்தில் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அளப்பதில் என்ன நியாயம் இருக்கிறது?

கொரோனா காலம் இந்த வேறுபாட்டைப் பெரிதாக்கிக் காட்டியது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ மூவரும், பெருந்தொற்றுக்கு முன்பே 2019இல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் குழந்தைகளின் கற்றலை அளந்து வைத்திருந்தனர். அதனால் உலகின் வேறெந்தப் பகுதியிலும் எளிதில் கிட்டாத ஒப்பீடு இங்கே கிட்டியது. ஏறத்தாழ 19,000 குழந்தைகளை மீண்டும் அளந்தபோது, 2021 இறுதியில் கணக்கில் 0.7 திட்டவிலக்கமும் மொழியில் 0.34 திட்டவிலக்கமும் சரிவு இருந்தது. 2019இல் அதே வயதுடைய நூறு குழந்தைகளை வரிசையாக நிறுத்தியிருந்தால், 2021இல் நடுவில் நின்ற குழந்தை அந்தப் பழைய வரிசையில், கணக்கைப் பொறுத்தவரை, கீழிருந்து ஏறத்தாழ 24ஆவது இடத்தில்தான் நின்றிருக்கும். தாய்மார்கள் குறைவாகப் படித்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சரிவு கூடுதலாக இருந்தது.

பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் அந்தச் சரிவில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அதைக் காட்டிலும் முக்கியமானது, மீட்சி யாருக்கு வேகமாக நடந்தது என்பது. கூடுதலாக இழந்த ஏழைப் பிள்ளைகளே கூடுதல் வேகத்தில் மீண்டனர். அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டமே காரணம் என்று ஆய்வு மதிப்பிட்டது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை பெற்ற ஏறத்தாழ 2 லட்சம் தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் ஊர்ப்பொது இடங்களிலும் தங்கள் வீட்டுத் திண்ணைகளிலும் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அதே தெருவைச் சேர்ந்த இளம்பெண்கள். தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவர்கள் அவர்களில் நிறையப் பேர். அவர்களிடம் புதிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. இருபது குழந்தைகள், ஒரு பெரியவர், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம், அந்தக் குழந்தைக்குத் தெரிந்ததிலிருந்து தொடங்கும் பாடம்: இவ்வளவுதான் இருந்தது. இடைவெளியைக் குறைக்கும் வழி எதுவென்று தமிழ்நாட்டுக்கு இனியும் வெளியூரிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊர்களிலேயே, நம் பிள்ளைகளிடமே அது அளந்து காட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தன்னார்வலர்களுக்கு இந்த மாநிலம் இன்னும் உரிய நன்றியைச் சொல்லவில்லை என்பது என் எண்ணம்.

2022 ஜூன் 13 அன்று ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் விரிந்த எண்ணும் எழுத்தும் திட்டம் இந்தப் பாடத்தைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருளுணர்ந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே சோதித்து, அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளில் ஒன்றில் சேர்க்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் எழுத்துகளை இன்னும் அடையாளம் காணாத குழந்தை அரும்பு நிலைப் பயிற்சி நூலையே பெறுகிறது. அந்தக் குழந்தை எழுத்தட்டைகளைச் சேர்த்துச் சொல் அமைக்கும் அதே நேரத்தில், மலர் நிலைக் குழந்தை கதையை வாசித்து விடையெழுதுகிறது. பாட்டும் கதையும் பொம்மைகளும் கொண்ட களங்கள் வகுப்பறையின் மூலைகளில் அமைந்தன. ஆசிரியர் கையேடுகள் நாள்வாரியாக எழுதப்பட்டன. செயல்வழிக் கற்றலின் கருத்து, அதைக்காட்டிலும் தெளிவான வடிவத்தில் திரும்பி வந்ததாகவே இதைப் பார்க்க வேண்டும்.

திட்டத்தின் எதிரி அதன் உள்ளேயே இருக்கிறது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பெருந்தொகையானவை ஈராசிரியர் பள்ளிகள். தலைமையாசிரியர் உட்பட இரண்டு பேர் ஐந்து வகுப்புகளைப் பார்க்கின்றனர். ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போனால் மற்றவர் ஐந்து வகுப்புகளோடும் தனியே நிற்கிறார். ஒரே ஆசிரியரின் முன் மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றிலும் மூன்று நிலைகள். அதோடு கற்றலின் இடையிடையே நடத்தும் வளரறி மதிப்பீட்டையும் பருவ இறுதியில் நடத்தும் தொகுத்தறி மதிப்பீட்டையும் ஒவ்வொரு குழந்தைக்கும் கைப்பேசிச் செயலியில் பதிவேற்ற வேண்டும். வருகைப் பதிவு, காலை உணவு விவரம், சீருடை அளவு, காலணி அளவு, வங்கிக் கணக்கு எண், உடல்நலப் பதிவு எல்லாம் எமிஸ் எனப்படும் பள்ளிக்கல்வித் துறையின் இணையத் தகவல் தளத்துக்குப் போக வேண்டும். இணைய இணைப்பு மெதுவாக உள்ள மலைக்கிராமத்தில் இது எத்தனை பாடவேளைகளை விழுங்கும் என்பதை ஊகிக்கலாம். திட்டத்தின் விளைவை அளக்க பி.எட். பயிலும் மாணவர்களை அனுப்பியபோது ஆசிரியர் சங்கங்கள் கொதித்தன. அந்தக் கோபத்தை வெறும் வறட்டுக் கௌரவம் என்று ஒதுக்கிவிட முடியாது. கற்பிக்க நேரம் தராமல் கற்றலை மட்டும் அளக்க ஆளனுப்புகிறார்கள் என்பதே அவர்களுடைய முறையீடு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெளியார் அளக்கவே கூடாது என்ற சங்கங்களின் நிலைப்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு குழந்தைக்கு வாசிக்க வருகிறதா என்பதை அறியும் உரிமை அந்தக் குழந்தையின் பெற்றோருக்கும் உண்டு.

அளவீட்டைப் பற்றிய சச்சரவு ஆசிரியர்களோடு நிற்கவில்லை. மாணவர்களின் கற்றலை அளக்க ஒன்றிய அரசு நடத்திய 2021ஆம் ஆண்டின் தேசிய அடைவு ஆய்வில் தமிழ்நாடு மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளில் தேசியச் சராசரிக்குக் கீழே நின்றது. அசர் ஆய்வின் முறையை மாநில அரசு கேள்விக்குள்ளாக்கியது. 2025இல் மாநிலத் திட்டக்குழு மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குத் தனியே ஓர் அடைவு ஆய்வை நடத்தியது. ஒவ்வோர் ஆய்வும் வெவ்வேறு கருவியைப் பயன்படுத்துவதால் முடிவுகளை ஒப்பிடுவது கடினம் என்பது உண்மைதான். அதற்கான தீர்வு, அரசு தானே ஒரே கருவியை ஆண்டுதோறும் மாற்றாமல் பயன்படுத்தி, முடிவை ஊராட்சி ஒன்றிய வாரியாக வெளியிடுவது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியை மாவட்ட வாரியாக வெளியிடும் துறை, மூன்றாம் வகுப்பு வாசிப்பை அப்படி வெளியிடத் தொடங்கினால், மாவட்ட ஆட்சியர்களின் கவனமும் வட்டாரக் கல்வி அலுவலர்களின் கவனமும் தாமாகவே கீழ்வகுப்புகளுக்குத் திரும்பும்.

மாவட்டங்களுக்கிடையேயான இடைவெளி மாற்றக்கூடியது என்பதற்குச் சான்றும் அந்தத் தேர்ச்சிப் பட்டியல்களிலேயே இருக்கிறது. பின்தங்கியவை என்று நெடுங்காலம் எழுதப்பட்ட மாவட்டங்கள் அங்கே முன்னே வந்திருக்கின்றன. 2024 பத்தாம் வகுப்பு முடிவில் அரியலூர் முதலிடத்திலும் சிவகங்கை, இராமநாதபுரம் அடுத்தடுத்த இடங்களிலும் இருந்தன. வானம் பார்த்த பூமியும் வறட்சியும் நிறைந்த மாவட்டங்கள் இவை. வேலூர் கடைசியில் நின்றது. ஊரின் வளத்துக்கும் பள்ளியின் முடிவுக்கும் உள்ள கட்டு நாம் நினைப்பதைவிடத் தளர்வானது. அதே தேர்வில் மாணவிகள் 94.53 விழுக்காடும் மாணவர்கள் 88.58 விழுக்காடும் தேர்ச்சி பெற்றனர். ஏறத்தாழ ஆறு விழுக்காட்டுப் புள்ளிகள் பின்தங்கும் ஆண் பிள்ளைகளைப் பற்றி இங்கே பேச்சே எழுவதில்லை.

சாதியின் இடைவெளியைப் பற்றிப் பேசும்போது நிர்வாகத்தையும் பேச வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் முதலியன பள்ளிக்கல்வித் துறைக்கு வெளியே தனித்தனித் துறைகளின் கீழ் இயங்குகின்றன. ஒரு காலத்தில் அவை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியே இருந்திருக்காது. இன்றோ கற்பித்தல் மேற்பார்வையும் ஆசிரியர் பயிற்சியும் பிந்திச் சேரும் இடங்களாக அவை மாறியிருக்கின்றன. 2023இல் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவரும் அவருடைய தங்கையும் உடன் படித்தவர்களாலேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, இப்பள்ளிகள் அனைத்தையும் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் கொண்டுவரப் பரிந்துரைத்தது. அரசியல் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. ஆயினும் ஒரு பிள்ளையின் சாதியைக் கொண்டு அதன் பள்ளிக்கு எந்தத் துறை அதிகாரி பொறுப்பு என்று முடிவுசெய்யும் ஏற்பாட்டை இன்னும் எத்தனை காலம் காப்பாற்றப்போகிறோம் என்பதற்கு எதிர்ப்பவர்கள் விடை சொல்லவேண்டும்.

பணமும் இடையில் நிற்கிறது. தேர்ந்தெடுத்த பள்ளிகளை மாதிரிப் பள்ளிகளாக மேம்படுத்தும் ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளிகள் திட்டத்தையும் அதன் வழியாகத் தேசியக் கல்விக் கொள்கையையும் ஏற்க மாநிலம் மறுத்ததால், ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. வட்டார வள மையங்களில் பணியாற்றும் ஆசிரியர் பயிற்றுநர்கள், மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள், கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் இடம்பெற்ற ஏழைப் பிள்ளைகளின் கட்டணம் எல்லாம் இந்த நிதியைச் சார்ந்தவை. கொள்கை வேறுபாடு எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும் அதன் சுமை ஆறு வயதுக் குழந்தையின் தலையில் விழுவதை எந்த வாதமும் நியாயப்படுத்தாது.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை எட்டாம் வகுப்புவரை தேர்ச்சி மறுக்காத முறையைத் தொடர்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது. இரண்டும் சரியான முடிவுகள். ஒரு குழந்தையை அதே வகுப்பில் இன்னோர் ஆண்டு உட்காரவைத்தால் அதே பாடம் அதே வேகத்தில் மறுபடி அதன் மேல் ஓடுமே ஒழிய, வாசிப்பு வந்துவிடாது. ஆனால் தேர்ச்சி மறுக்காத அரசுக்குக் கூடுதல் கடமை ஒன்று உண்டு: மேல்வகுப்புக்கு அனுப்பும் குழந்தையோடு அதன் கற்றல் நிலைக்குரிய ஆசிரியர் நேரத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புவரை தமிழ், ஆங்கிலம், கணக்கில் பின்தங்கியவர்களுக்காகத் தொடங்கியிருக்கும் திறன் இயக்கம் அதற்கான முதல் ஏற்பாடு. பாட ஆசிரியரே தம் பாடத்தை முடித்துக்கொண்டு மிச்ச நேரத்தில் இதையும் செய்யட்டும் என்று விட்டால் அது பெயரளவில்தான் நடக்கும். இல்லம் தேடிக் கல்வியில் பழகிய தன்னார்வலர்களை நியாயமான ஊதியத்தோடு பள்ளி நேரத்திலேயே அழைத்துக்கொள்வதும், எமிஸ் பதிவை ஆசிரியர் கையிலிருந்து முற்றிலும் எடுத்துவிடுவதும், ஈராசிரியர் பள்ளிகளுக்கு மூன்றாவது ஆசிரியரைத் தருவதும் இதற்கு உடனே செய்யக்கூடியவை. பள்ளிகள் மூடிக்கிடந்த 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த குழந்தை 2025-26இல் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. அது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை 2030இல் எழுதும். அந்தக் குழந்தைக்குக் கடைசி நேரக் கையேட்டைத் தருவதா, இந்த ஆண்டிலேயே வாசிக்கக் கற்றுத்தருவதா என்பதை அடுத்த வரவுசெலவுத் திட்டமும் ஆசிரியர் பணியிட ஆணைகளும் தீர்மானிக்கும்.